மூன்று வருடமாக ஓடும் அந்த நாலு வரி சிம்லிங்க் சோதனை

போன கிழமை பேக்கப் டிஸ்க்கைத் திருத்தி எடுத்து வந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு கடை, வேலை சுத்தம்தான், ஆனால் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஆகக் கொடுத்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டமாகத் திரும்பி வந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு என் பேக்கப் ஸ்க்ரிப்ட், அதில் நான் எழுதி வைத்த சோதனையால், எதையும் நகலெடுக்கத் தொடங்கும் முன்பே "இங்கே சிம்லிங்க் போட முடியாது" என்று சொல்லி நின்றது. சிம்லிங்க் என்பது வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டும் இணைப்பு, எக்ஸ்ஃபேட்டில் அதற்கு இடமே இல்லை. வெள்ளவத்தை வீட்டில் இரவு பதினொரு மணிக்கு அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஒஃபிஸில் தம்பி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அந்தச் சோதனையை எனக்கும் தாங்கோ" என்றார். தரலாம், ஆனால் விண்டோஸ் பக்கம் நான் பட்டதையும் சொல்ல வேண்டும்.

முதலில் எழுதியது இவ்வளவுதான்: சிம்லிங்க் போடும் எல்என் -எஸ் கட்டளையை ஓட்டு, பூச்சியம் (பிழையில்லை என்று அர்த்தம்) திரும்பி வந்தால் சரி. லினக்ஸில் அது போதும். விண்டோஸில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் கிட் பாஷில் எல்என் -எஸ் தன்பாட்டில் நகல் எடுத்துவிட்டுப் பூச்சியத்தைத் திருப்பித் தருகிறது! பிழைச் செய்தி கிடையாது. 'லேட்டஸ்ட்' என்று அன்றைய ஃபோல்டரைக் காட்ட வேண்டிய இணைப்பு 38 ஜிபி முழு நகலாக உட்கார்ந்திருந்தது, டிஸ்க் நிரம்பிய பிறகுதான் எல்எஸ் -எல் (ஃபைல் பட்டியல் கட்டளை) அடித்துப் பார்த்தேன், வரியின் முதல் எழுத்து இணைப்புக்குரிய எல் இல்லை, ஃபோல்டருக்குரிய டி. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது, முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே.

இப்போதுள்ள நாலு வரி, பேக்கப் போகும் டிஸ்க்கிலேயே (டெம்ப் ஃபோல்டரில் சோதித்துப் பயனில்லை, அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கலாம்) ஒரு தற்காலிக ஃபோல்டர் திறந்து, இணைப்புப் போட்டு, டெஸ்ட் -எச் கொண்டு அது உண்மையில் இணைப்புத்தானா என்று பார்த்து, அழித்துவிடும். டெஸ்ட் -ஈ போடாதீர்கள், அது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதால் நகலுக்கும் ஆம் என்றுதான் சொல்லும். கிட்கூட (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) புதுக் களஞ்சியம் தொடங்கும் இனிட் செய்யும்போது இப்படி ஒரு இணைப்பைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. கிட் பாஷின் எம்சிஸ் என்ற சூழல் மாறியில் வின்சிம்லிங்க்ஸ்:நேட்டிவ்ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் கிட் பாஷும் நகலெடுக்காமல் நேராகத் தோற்கும், அப்புறம் இணைப்புப் போட டெவலப்பர் மோட் (விண்டோஸ் அமைப்புகளில் இருக்கும் ஒரு தெரிவு) அல்லது அட்மின் அனுமதி வேண்டும், விண்டோஸ் 10இல் 2017க்குப் பிறகு டெவலப்பர் மோட் போதும்.

மூன்று வருடத்தில் இந்தச் சோதனை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. ஆனாலும் தம்பியிடம் சொன்னது வேறு: விண்டோஸ் லப்டொப்பும் பேக்கப்பில் இருந்தால் சிம்லிங்க்கையே விடும், கடைசி ஃபோல்டரின் பெயரை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையும். என் ஸ்க்ரிப்டையும் இந்த ஞாயிறு அப்படித்தான் மாற்றப் போகிறேன்.