குரு இல்லாத கேங் ஸ்டார்: எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது?

கேங் ஸ்டார் என்ற இருவர் கொண்ட ஹிப் ஹாப் குழுவில் பாடகரான குரு 2010 ஏப்ரல் 19 அன்று தம் 48ஆம் வயதில் காலமானார். ரசிகர்களின் துக்கம் வெகு விரைவிலேயே ஒரு வாதமாகவும் மாறியது: இந்த இருவர் சேர்ந்து செய்த ஆல்பங்களில் ஆகச் சிறந்தது எது? பெரும்பாலானோர் அன்று 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' என்றார்கள். இன்றும் குருவின் நினைவு நாள் வரும்போதெல்லாம் அதே விடையே முதலில் வருகிறது. அந்த விடையின் நியாயம் எனக்குப் புரிகிறது; ஆனாலும் என் தேர்வு 1992இல் வெளிவந்த 'டெய்லி ஆபரேஷன்'. புதிதாகக் கேட்க விரும்புவோர் எதை முதலில் வாங்க வேண்டும், எதைப் பிறகு வாங்கலாம் என்பதற்கும் இந்தத் தேர்வே அடிப்படை என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குருவின் இயற்பெயர் கீத் ஈலம். பாஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை அந்நகரில் நீதிபதியாக இருந்தவர். அட்லான்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் பெற்றபின் ராப் பாடுவதற்காக நியூயார்க் சென்றார். ஹூஸ்டனைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் மார்ட்டின், அதாவது குழுவின் இசையை அமைத்த டிஜே பிரிமியர், அவருடன் இணைந்தபோதுதான் உலகம் அறிந்த கேங் ஸ்டார் உருவானது. ஆகவே நியூயார்க் ஹிப் ஹாப்பின் அடையாளமாகவே கொண்டாடப்படும் இந்தக் குழுவின் இருவருமே அந்த நகரத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். நியூயார்க்கின் ஒரு பகுதியான புரூக்ளினைப் பற்றி குரு பாடும்போது பிறந்த ஊர் என்ற உரிமையைவிட, தேர்ந்தெடுத்துக் குடியேறிய ஊர் மீதான பற்றே மேலோங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

துக்கத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். 2003க்குப் பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். 2010 பிப்ரவரி இறுதியில் மாரடைப்பு ஏற்பட்டு குரு நினைவிழந்தார் என்ற செய்தி வந்தபோது, சமாதானம் ஆகிவிடுவார்கள், இன்னொரு ஆல்பம் வரும் என்று ரசிகர்கள் ஏழு ஆண்டுகளாகக் காத்திருந்த காத்திருப்பும் சேர்ந்தே குலைந்தது. மறைவுக்குப் பின் அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் பழைய நண்பரான பிரிமியரை விலக்கிப் பேசியது. அதைக் குருதான் எழுதினார் என்பதைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. இப்படிக் கோபமும் சந்தேகமும் கலந்த துக்கத்தில், ரசிகர்கள் இயல்பாகவே விசுவாசம், துரோகம், மரணம் ஆகியவற்றை நேரடியாகப் பேசும் 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' ஆல்பத்திடம் போனார்கள். ஆறுதல் தந்த ஆல்பமே சிறந்த ஆல்பமாகவும் ஆகிவிட்டது. ஆறுதல் பெரிய விஷயந்தான். ஆனால் இசையை மதிப்பிடுவதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

என் அளவுகோல் குருவின் குரல். அது ஏற்ற இறக்கம் குறைந்த, தாழ்ந்த, ஒரே தளத்தில் நகரும் குரல். கத்துவதில்லை, வேகத்தைக் காட்டுவதில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். ஆங்கில ராப் வரிகளைப் பின்தொடர முடியவில்லை என்று ஒதுங்குபவர்கள்கூடக் குருவைச் சிரமமின்றிப் பின்தொடரலாம். இந்தக் குரலைச் சலிப்பானது என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. ஆனால் பிரிமியர் அந்தக் குரலை ஒரு தாழ்சுருதி வாத்தியமாகவே கருதி, அதைச் சுற்றி மற்ற ஒலிகளை அடுக்கினார். ஆகவே ஒரு கேங் ஸ்டார் ஆல்பம் எவ்வளவு நல்லது என்பது, அந்தக் குரலுக்கு எவ்வளவு சரியான இடம் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1989இல் வந்த முதல் ஆல்பமான 'நோ மோர் மிஸ்டர் நைஸ் கை' அந்த இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துணுக்குகளைக் கொண்டு ராப் செய்யலாம் என்பதைக் காட்டியதும், அதன் மூலம் இயக்குநர் ஸ்பைக் லீயின் கவனத்தை ஈர்த்து அவருடைய 1990ஆம் ஆண்டுப் படத்துக்கு ஜாஸ் வரலாற்றைச் சொல்லும் பாடலைச் செய்யும் வாய்ப்பைப் பெற்றுத் தந்ததும் அதன் சிறப்புகள். முழுமையாகச் சேகரிப்பவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

1991இன் 'ஸ்டெப் இன் தி அரீனா' மிகப் பெரிய பாய்ச்சல். இதில் வரும் 'ஜஸ்ட் டு கெட் எ ரெப்' என்ற பாடல், பெயர் எடுப்பதற்காக வழிப்பறியில் இறங்கும் ஓர் இளைஞனின் கதையை அவன் முடிவு வரை சொல்கிறது. பிரெஞ்சு மின்னணு இசைக்கலைஞர் ஜான் ஜாக் பெரேயின் மென்மையான இசைத்துணுக்கு ஒன்று பின்னணியில் சுழல, குரு தீர்ப்பு எதையும் கூறாமல் நடந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போவதால் அந்தக் கதையின் கொடூரம் இன்னும் கூடுகிறது. ஜாஸ் அதிகமாக வேண்டும் என்பவர்கள் இந்த ஆல்பத்தையே உச்சமாகக் கருதுகிறார்கள். அவர்களுடன் நான் கடுமையாக மோத மாட்டேன். இசை அழகாக இருக்கிறது. சில இடங்களில் அந்த அழகு குரலை முந்திக்கொள்கிறது என்பது மட்டுமே என் குறை.

'டெய்லி ஆபரேஷன்' அந்தக் குறையைத் தீர்த்தது. பிரிமியர் இங்கே அலங்காரங்களைக் கழற்றிவிட்டார். ஒரு டிரம், பியானோவின் இரண்டு மூன்று சுரங்கள், பழைய இசைத்தட்டின் கரகரப்பு, பல்லவியின் இடத்தில் வேறு பாடல்களிலிருந்து ஸ்க்ராட்ச் செய்து, அதாவது இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து, கோத்த சொற்கள்: இவ்வளவுதான். 'தி பிளேஸ் வேர் வி டுவெல்' பாடலில் ஏறக்குறைய டிரம் மட்டுமே ஒலிக்கிறது. அந்த வெற்றிடத்தில் நின்று குரு புரூக்ளினைப் புகழும்போது, அவருடைய குரலே அடிநாதமாகவும் மெட்டாகவும் வேலை செய்கிறது. 'சொலிலக்வி ஆஃப் கேயாஸ்' இன்னொரு விதம். நிகழ்ச்சி ஒன்றுக்குப் போகும் பாடகனின் பார்வையில் தொடங்கி, கூட்டத்தில் மூளும் வன்முறையில் அந்த நிகழ்ச்சியே சிதறிப்போவதை அது சொல்கிறது. ஓங்கிக் குரலெழுப்ப எத்தனையோ வாய்ப்பு இருந்தும் குரு ஒருமுறைகூட எழுப்பவில்லை. பாடலின் பயங்கரம் அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

இதே ஆல்பத்தில் 'ஐ'ம் தி மேன்' என்ற பாடலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மூன்று பாடகர்கள், மூவருக்கும் மூன்று வெவ்வேறு பீட், அதாவது பின்னணித் தாள இசை. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்காகத் தரையே மாற்றிப் போடப்படுகிறது. குருவுடன் இதில் பாடிய ஜெரு, 1994இல் பிரிமியரின் இசையில் தனி ஆல்பம் வெளியிட்டார்; லில் டாப், குரூப் ஹோம் குழுவின் வழியே 1995இல் வந்தார். ஒரு பரம்பரை இந்த ஒரு பாடலில் தொடங்குவதைக் கேட்கலாம். 'கான்ஸ்பிரசி' பாடலில் கல்வி முறை தொடங்கி இசைத்தட்டு நிறுவனங்கள் வரை கறுப்பின மக்கள் ஏமாற்றப்படும் வழிகளை குரு எடுத்துரைக்கும்போது, நீதிபதி வீட்டுப் பிள்ளை என்ற பின்னணி நினைவுக்கு வருகிறது. வழக்கை வாதிடும் ஒழுங்கு அந்த வரிகளில் உண்டு. குறை இல்லாமல் இல்லை. காதலைப் பேசும் 'எக்ஸ் கேர்ள் டு நெக்ஸ்ட் கேர்ள்' இசையால் மட்டுமே நிற்கிறது. பெண்களைப் பற்றிப் பாடும்போது குருவின் சிந்தனை எப்போதுமே சுருங்கிவிடுகிறது, இந்தக் குறை எல்லா ஆல்பங்களிலும் தொடர்கிறது. ஆனால் 18 தடங்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிகின்றன. ஒரு பாடல்கூடத் தேவைக்கு மேல் நீள்வதில்லை.

1994இன் 'ஹார்ட் டு எர்ன்' பிரிமியரின் ஆல்பம். அதே ஆண்டில்தான் அவர் ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தில் மூன்று பாடல்களுக்கு இசையமைத்தார் என்பதிலிருந்தே அவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்று தெரியும். 'மாஸ் அப்பீல்' பாடலில் கிடார் கலைஞர் விக் ஜூரிஸின் ஒரு சிறு துணுக்கு முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வானொலிக்கு ஏற்ற இசை என்று சொல்லப்படுவதைக் கிண்டல் செய்யப் போட்ட அந்த மெட்டே குழுவின் பெயர்பெற்ற பாடலாகவும் ஆனது. பாஸ்டனிலிருந்து புரூக்ளினுக்கு வந்த கதையை குரு சொல்லும் 'தி பிளானட்', அவர் தம்மைப் பற்றி எழுதியவற்றில் மிக நேர்மையானது. பீட் மட்டுமே முக்கியம் என்பவர்கள் இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் அது சரியான தேர்வு. கரடுமுரடான ஒலி நெடுக ஒரே அழுத்தத்தில் இருப்பதால், முழுதாகக் கேட்கும்போது எனக்கு ஒருவித அயர்ச்சி ஏற்படுகிறது.

இனி, ரசிகர்களின் தேர்வு. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1998 மார்ச் இறுதியில் 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' வந்தது. தங்களிடம் சில சூத்திரங்கள் உண்டு, அவற்றைக் காலத்துக்கு ஏற்பப் புதுப்பித்துக்கொள்கிறோம் என்ற விளக்கத்துடன் ஆல்பம் தொடங்குகிறது; சொன்னபடியே செய்தும் காட்டுகிறது. விமான நிலையத்தில் துப்பாக்கியுடன் பிடிபட்ட வழக்கு குருவின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. சிறை செல்ல நேரலாம் என்ற அச்சமும், தன் வாழ்க்கையைத் தானே கணக்குப் பார்க்கும் குரலும் தலைப்புப் பாடலில் நேரடியாகக் கேட்கின்றன. அந்த ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொண்டால், குரு எழுதியவற்றில் அதற்கு நிகரானது இல்லை என்று தயங்காமல் சொல்வேன். வூ டாங் குழுவின் இன்ஸ்பெக்டா டெக் உடன் பாடிய 'அபவ் தி கிளவுட்ஸ்', ஸ்கார்ஃபேஸ் உடன் பாடிய 'பிட்ரேயல்' இரண்டும் அதற்கு அடுத்த படியில் நிற்கின்றன. அமெரிக்காவில் விற்பனைக்கான தங்கச் சான்றிதழும் பெற்ற ஆல்பம் இது.

ஆனால் ஆல்பமாகப் பார்த்தால், 20 தடங்கள், ஏறத்தாழ 78 நிமிடங்கள். அந்தக் காலத்தில் குறுந்தகட்டின் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிவிடும் வழக்கம் ஹிப் ஹாப்பில் பரவியிருந்தது. அதற்குக் கேங் ஸ்டாரும் தப்பவில்லை. 'ஷீ நோஸ் வாட் ஷி வான்ட்ஸ்' போன்ற பாடல்களை நீக்கி 50 நிமிடமாகச் சுருக்கியிருந்தால் என் தேர்வு மாறியிருக்கும். துக்கத்தில் இருப்பவர்கள் தலைப்புப் பாடலையும் வேறு நான்கைந்தையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நியாயந்தான். அந்த ஐந்து பாடல்களின் உயரத்தை மீதமுள்ள பதினைந்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதே என் மறுப்பு.

2003இன் 'தி ஓனர்ஸ்' கெட்டிக்காரத்தனமான ஆல்பம், 'ஸ்கில்ஸ்' அருமை. அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை.

குருவின் மறைவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2019 நவம்பரில் 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் யெட்' வெளிவந்தது. குரு விட்டுச்சென்ற, வெளிவராத குரல்பதிவுகளைப் பிரிமியர் விலைகொடுத்துப் பெற்று, அவற்றுக்குப் புதிதாக இசையமைத்தார். இறந்தவரின் ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வியை எழுப்புபவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். பதிலுக்கு நான் சொல்லக்கூடியது, இந்த ஆல்பத்தில் குருவின் குரல் எந்த இடத்திலும் அலங்காரப் பொருளாக வைக்கப்படவில்லை என்பதுதான். வேறு இசைக்காகப் பாடப்பட்ட வரிகளின் மூச்சு, இடைவெளி, தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு அவற்றுக்கேற்ப டிரம்மை அமைத்திருக்கிறார் பிரிமியர். ஜே. கோல் இணைந்து பாடிய 'ஃபேமிலி அண்ட் லாயல்டி' அதற்கு நல்ல சாட்சி. 'பேட் நேம்' பாடலைக் கேட்கும் ஒருவர், இது 1990களில் பதிவாகி இத்தனை நாள் பெட்டியில் கிடந்தது என்று நம்பினால் ஆச்சரியப்பட மாட்டேன். விருந்தினர் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதால் குருவின் பங்கு சில பாடல்களில் குறைந்து தெரிகிறது. இருக்கும் பதிவுகளைக் கொண்டு செய்த வேலை என்பதால் அதைப் பெரிய குற்றமாக எண்ணவில்லை.

புதிதாக வருபவர்கள் 'டெய்லி ஆபரேஷன்' முழுவதையும் வரிசை மாற்றாமல் முதலில் கேளுங்கள். அடுத்து 'ஸ்டெப் இன் தி அரீனா', அதன்பின் 'ஹார்ட் டு எர்ன்'. 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' ஆல்பத்தை நான்காவதாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் குருவின் குரல் உங்களுக்குப் பழகியிருக்கும், தலைப்புப் பாடலில் அந்தக் குரல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் கேட்கும். ஒரே ஒரு ஆல்பம் வாங்கத்தான் வசதி என்றால், 1999இல் வந்த 'ஃபுல் கிளிப்' தொகுப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பாடல் தேர்வில் பழுதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்ட பிக் எல் என்ற ராப் பாடகருக்கு அதன் தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் அஞ்சலியும் இருக்கிறது. இருந்தாலும், பாடல்களுக்கு நடுவே வரும் சிறு உரையாடல்களையும் இசைத்துணுக்குகளையும் சேர்த்தே இவர்கள் ஆல்பங்களைக் கட்டினார்கள் என்பதால், தொகுப்புக்குச் செலவிடும் பணத்தை 'டெய்லி ஆபரேஷன்' வாங்கவே செலவிடச் சொல்வேன்.