தீக்ஷா ஆப்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒத்துவருமா?

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குக் காசு கட்டி ஏதாவது ஆப் வாங்கும் முன், தீக்ஷாவைப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த பள்ளிப் பாட ஆப் இது, முழுக்க இலவசம். 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களிலேயே இதற்கான க்யூஆர் கட்டம் அச்சாகியிருப்பதால், கையில் இருக்கும் பாடத்துக்குரிய வீடியோ நேராகத் திறக்கும். யூடியூப்பில் தேடப் போய் வேறெங்கோ வழிதவறும் தொல்லை இல்லை.

முதல்முறை திறக்கும்போது போர்டு (பாடத்திட்ட வாரியம்), பயிற்றுமொழி, வகுப்பு மூன்றையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். போர்டில் தமிழ்நாட்டுக்குப் பதில் சிபிஎஸ்இ-யைத் தொட்டுவிட்டால் வேறு பாடங்கள்தான் வரிசையாக நிற்கும். ‘நம்ம பாடமே இல்லை’ என்று பலர் ஆப்பை அழிப்பது இதனால்தான். சுயவிவரப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

புத்தகம் தைத்த ஓரத்தில் பக்கம் வளைந்திருந்தாலோ, டியூப்லைட் வெளிச்சம் தாளில் பளிச்சிட்டாலோ ஸ்கேன் ஆகாது. பக்கத்தை அழுத்தி விரியுங்கள். அப்போதும் ஆகவில்லையென்றால் கட்டத்தின் கீழுள்ள 6 எழுத்துக் குறியீட்டைத் தேடுபெட்டியில் அடித்தால் போதும்.

நம் ஊருக்கு மிகவும் பயன்படுவது டவுன்லோடு வசதி. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்களுக்குள் சிக்னல் திணறும்; முகப்பில் ஓடுகிற 4ஜி, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போனதும் ஒற்றைக் கோடாகிவிடும். அப்பா காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வேலை முடித்து வந்த பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வரும் வீடுகளும் நிறைய. ஆகவே முகப்பில் உட்கார்ந்து மறுநாள் பாடங்களை இறக்கிவிடுங்கள். பிளே பட்டனை மட்டும் அழுத்தினால் பார்க்கும்போதெல்லாம் டேட்டா கரையும். கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட வேண்டும். அதன்பின் நெட் இல்லாமலே வீட்டின் எந்தப் பகுதியிலும் ஓடும். பாதியில் நின்றால் போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் வீடியோக்கள் அடைத்திருக்கும். படித்து முடித்த பாடத்தை அழித்துவிடுவது நல்லது.

வீடியோக்களின் தரம் ஒரே சீராக இல்லை. அசைவுப் படங்களோடு வரும் அறிவியல் பாடங்கள் அருமை. சிலவோ ஸ்லைடை வாசித்துக் காட்டுவதோடு சரி. சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. சின்ன வகுப்புப் பிள்ளையென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பத்தாம் வகுப்புக்கு இதோடு நிறுத்தாமல், பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துத் தாளில் எழுத வையுங்கள்; எழுதும் வேகம் போனில் வராது.