போர்க்கால ஜீப்: வாங்கியது ஓட்டுவதற்கு, அதிகம் செய்வது காட்டுவது

பழைய ராணுவ வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, உதிரிபாகம் கிடைக்குமா என்பதைத்தான். இரண்டாம் உலகப் போர் ஜீப்பைப் பொறுத்தவரை அந்தக் கவலையே வேண்டாம். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். இன்றைக்கு முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறார்கள். பல வருஷமாக வில்லிஸ் செய்த 'எம்பி' மாடல் ஜீப் ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுப்பிக்கும் வேலை என்றைக்காவது முடிந்துவிடும். அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதும், கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதும்தான் முடியாத வேலை.

ஓட்டுவதைப் பற்றி முதலில். 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் சைடு வால்வ் இஞ்சின், 60 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 6.48 தான், அதனால் சாதாரண பெட்ரோலே தாராளம். மூன்று கியர். கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுவதே நல்லது. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகும் என்பது ஏட்டுக் கணக்கு. அறுபதைத் தாண்டினால் இஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. பிரேக் ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே போய்விடும். அதனால் முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் நிறைய இடம் விட வேண்டும். அந்த இடத்தில் யாராவது வந்து நுழைவார்கள், அது வேறு விஷயம்.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். பங்கில் இறங்கி, சீட்டைத் தூக்கி, அதற்குள் குழாயை விடும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்கள். டேங்க் உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் துரு பிடிப்பது இந்த வண்டியின் பிறவிக் குணம். வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்காமல், அங்கே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். பலர் 12க்கு மாற்றிவிடுகிறார்கள், நான் மாற்றவில்லை. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் உடனே பேட்டரியைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி மெலிந்த கேபிளோ துருப்பிடித்த எர்த் இணைப்போதான். தடித்த கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தமாக வைத்தால் 6 வோல்ட்டே போதும். உதிரிபாகம் கிடைக்கும் என்றேன், தரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. புதிதாக வரும் இக்னிஷன் கண்டென்சர்களில் சில, சூடேறியதும் கைவிரித்துவிடுகின்றன. எப்போதும் ஒன்று உபரியாகப் பெட்டியில் இருக்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. பம்ப் டயஃப்ரம், ஹோஸ் எல்லாம் இந்தக் காலத்து ரப்பருக்கு மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், அணிவகுப்பு. பார்ப்பவர்களுக்கு அழகு, வண்டிக்குச் சித்திரவதை. முதல் கியரில் ஐடிலிங்கில் விட்டாலே மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் உருளும். முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் அதைவிட மெதுவாக நடப்பார்கள். கிளட்சைத் தேய்க்க மனமில்லாமல், வண்டியை இன்னும் மெதுவாக உருட்டும் லோ ரேஞ்ச் கியரைப் போடலாம் என்றால், இதில் முன் அச்சை இணைக்காமல் லோ விழாது. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, தார் ரோட்டில் வளைவு திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். பிறகு முன் அச்சை இணைத்த லிவர் கழலவே கழலாது. பலம் காட்டி இழுக்காமல், ரிவர்ஸில் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு, தானாகக் கழன்று வரும். நேரான பாதை என்றால் லோ, திருப்பம் நிறைய என்றால் கிளட்ச். நான் கடைப்பிடிப்பது இதுதான்.

நிறுத்தியபின் வேறு உலகம். போரின் பிற்பகுதியில் வந்த ஜீப்புகளுக்குச் சாவியே கிடையாது. ஒரு சின்ன லிவரைத் திருப்பி, தரையில் உள்ள ஸ்டார்ட்டரை மிதித்தால் யார் வேண்டுமானாலும் கிளப்பிப் போகலாம். அதனால் மறைவாக ஒரு பேட்டரி சுவிட்சும், ஸ்டியரிங்கில் சங்கிலியும் அவசியம். மேட் பெயின்ட்டில் ஒவ்வொரு எண்ணெய்க் கையும் பதியும். பாலிஷ் போட்டால் பளபளப்பு வந்து அசிங்கமாகிவிடும், தண்ணீர் மட்டும் போதும். கையால் திருகும் ஒரு நட்டைத் தளர்த்தி, ஹெட்லைட்டை அப்படியே பின்பக்கம் புரட்டி, இருட்டில் இஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். ஒரு பையனுக்கு இதைச் செய்து காட்டினால் அவன் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவான். அரை மணி நேரம் சொல்லும் வரலாற்றைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

நிபுணர்கள் வேறு ரகம். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டில்கூட, 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. வில்லிஸில் எஃப் போல்ட் இருக்கிறதே என்று குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். போர் நடந்தபோதே ராணுவப் பட்டறைகளில் கையில் கிடைத்ததை மாட்டித்தான் ஓட்டினார்கள், கலப்புதான் இதன் உண்மையான வரலாறு என்பது என் கட்சி. சேஸிஸ் விஷயத்தில் மட்டும் நானும் கறார். முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், சதுரவாக்கில் இருந்தால் ஃபோர்டு. இதில் பொய் சொல்லி விற்பது மோசடி. பின்னாளில் பிரான்ஸில் ஹாட்ச்கிஸ் செய்த எம்201, 24 வோல்ட் வண்டி. அதற்குப் போர்க்கால ராணுவ அடையாளமான வெள்ளை நட்சத்திரம் போட்டு 1944 என்று நிறுத்துபவர்களும் உண்டு. உள்ளதை உள்ளபடி அட்டையில் எழுதி வைத்தால் அதுவும் அருமையான வண்டிதான்.

கண்காட்சியில் நான் ராணுவச் சீருடை போடுவதில்லை. காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றிப்போன ரக வண்டி இது. பக்கத்தில் நின்று மாறுவேடப் போட்டி நடத்த எனக்கு மனசு வரவில்லை. போடுபவர்களிடம் சண்டையும் இல்லை.

பெரிய வண்டிக்கு மாறலாமே என்கிறார்கள். ஜிஎம்சி இரண்டரை டன் லாரி ஆசைதான், நிறுத்த இடம்? இப்போதைக்குத் தேடுவது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் கால் டன் டிரெய்லர். மிதப்பதற்காகத் தண்ணீர் புகாத தொட்டியாகவே செய்த சாமான். மடக்கு நாற்காலி, டூல் பாக்ஸ், உபரி டயர் எல்லாம் அதில் அடங்கும். கிடைத்தால் முதலில் தரைத் தகடு ஓட்டையா என்று பார்க்க வேண்டும்.