மஞ்சள் பெயின்ட் அடித்த செயின் பிளாக்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

அப்பா ஓட்டிய அம்பாசடரின் என்ஜினை வீட்டிலேயே இறக்கிப் பிரித்துவிடலாம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். எதைக் கொண்டு தூக்குவது என்பதில் நான் காட்டிய அலட்சியத்தால் தம்பியின் மோதிர விரலில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு முற்றம் மணல் தரை. சக்கரம் வைத்த என்ஜின் கிரேன் சிமென்ட் தரைக்கு ஏற்றது. மணலில் ஒரு சக்கரம் புதைந்தாலும் சுமையோடு சாய்ந்துவிடும். அதனால் வெல்டரிடம் சொல்லி இரும்புக் குழாயில் முக்காலி செய்து, கால்கள் விரியாமல் சங்கிலியால் பிணைத்து, அடியில் பலகை போட்டோம். அதில் எந்தக் குறையும் இல்லை. தொங்கவிட, கையால் சங்கிலியை இழுத்துச் சுமையைத் தூக்கும் செயின் பிளாக் ஒன்றைத்தான் புதுச்சேரியில் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒரு கடையில் போய் வாங்கினேன்.

பளபளவென்று மஞ்சள் பெயின்ட். அதன்மேல் கறுப்பில் ‘2 டன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. “படகுக்காரர்கள் இதைத்தான் எடுத்துப்போகிறார்கள் சார், பயப்படாமல் வாங்குங்கள்” என்றார் கடைக்காரர். சுமை இல்லாமல் சங்கிலியை இழுத்துக் காட்டினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை நல்ல அறிகுறி என்று நம்பி 4,500 ரூபாய் கொடுத்தேன்.

கியர்பாக்ஸோடு சேர்த்து என்ஜின் 200 கிலோ இருக்கும் என்று கணக்கிட்டிருந்தோம். 2 டன் பிளாக்குக்கு அது ஒரு சுமையே இல்லை. என்ஜின் மெல்ல மேலே வந்தது. பின்பக்கம் ஒரு வயர் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தம்பி கையை நீட்டினான். அந்த நேரத்தில் என்ஜின் தானாக ஓர் அங்குலம் இறங்கியது. நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்தேன். அது என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓட, என்ஜின் அப்படியே காரின் சட்டத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. தம்பி கையை இழுத்துக்கொண்டான். விரல் நுனி மட்டும் சிக்கியது. குனிந்து தலையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் தூக்கம் வருவதில்லை.

துறைமுகத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் மறுநாள் வந்து பிளாக்கைப் பிரித்தார். சுமையைக் கீழே விடாமல் தாங்குவது உள்ளே இருக்கும் பிரேக். இரண்டு உராய்வுத் தட்டுகளும் ஒரு பல்சக்கரமும் சேர்ந்தது அது. தூக்கும்போது ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டிய சத்தம் அந்தப் பல்சக்கரத்தின் பற்களில் ஒரு சிறு இரும்பு நாக்கு விழுவதால் வருவது. எங்கள் பிளாக்கில் நாக்கின் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. தட்டுகளில் கிரீஸை அப்பியிருந்தார்கள். “தம்பி, இது காய்ந்து இருக்க வேண்டிய இடம். இழுப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று எண்ணெய் போட்டு விற்றிருக்கிறார்கள்” என்றார். பிறகு கொக்கியின் பெயின்டைச் சுரண்டினார். அடியில் அச்சாகியிருந்த எண் 0.5. அரை டன் பிளாக்கை 2 டன் என்று விற்றிருக்கிறார்கள். கொக்கியின் வாயும் விரிந்திருந்தது. அந்த வாயை மூடும் தடுப்பு நாக்கு கொக்கியின் நுனியைத் தொடவில்லை.

ஆகவே பழைய பிளாக்கில் புதுப் பெயின்டைக் கண்டால் முதலில் சுரண்டிப் பாருங்கள். தாங்கும் எடை கொக்கியிலோ உடலில் அடித்த தகட்டிலோ பொறித்திருக்க வேண்டும். பிரஷ்ஷால் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாக் என்று சொன்னால், பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. உண்மையில் அங்கிருந்து வந்ததென்றால் காகிதம் இருக்கும். புதிது வாங்குபவர்கள் ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். கடையிலேயே ஒரு சுமையைத் தரையிலிருந்து அரை அடி தூக்கச் சொல்லி, பத்து நிமிடம் நின்று பாருங்கள். தூக்கும்போது டிக் டிக் கேட்காவிட்டால் வாங்க வேண்டாம்.

என்ஜினைக் கட்டும் சங்கிலியிலும் பெரியவர் ஒரு தவறைக் காட்டினார். நாங்கள் குட்டைச் சங்கிலியை இரு பக்கமும் போல்ட் போட்டு, கிட்டத்தட்டப் படுக்கையாக இழுத்துக் கட்டியிருந்தோம். இரு கிளைகளுக்கும் நடுவே 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு கிளையும் முழு எடையையும் தாங்க நேரிடும். 60 டிகிரிக்குள் இருந்தால் பாதியைவிடச் சற்று அதிகம்தான். போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமைத் தரக் குறி பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எங்களுடையதில் எதுவும் இல்லை. சிமென்ட் தரை உள்ளவர்கள் கிரேன் வாங்கினால், அதில் ஒட்டியிருக்கும் ‘2 டன்’ கையைக் குறுக்கி வைத்த நிலைக்கானது. கடைசித் துளை வரை நீட்டினால் பெரும்பாலான கிரேன்கள் அரை டன்தான் தாங்கும்.

பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பில்லைக் காட்டினார். நான் படிக்காமல் மடித்து வைத்திருந்த அந்தத் தாளில் ‘பழைய இரும்பு, 1’ என்று மட்டும் இருந்தது. “எடைக்கு விற்றது சார், அதற்கு மேல் நாங்கள் பொறுப்பில்லை” என்றார். அன்று எடைபோட்டுப் பார்த்தவர் யாருமில்லை. கருவியின் பெயர், தாங்கும் எடை இரண்டும் பில்லில் எழுதாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

கடை புதுச்சேரியில் இருக்கிறதே, கடலூரில் வழக்குப் போட முடியுமா என்று தயங்கினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. பிரித்த தட்டுகள், சுரண்டிய கொக்கி, பில், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் பஸ்ஸில் போனேன். வாசலில் வேறொரு செயின் பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மஞ்சள், கறுப்பில் அதே ‘2 டன்’.