வனத்துறைப் படகுச் சவாரி: காரங்காடா, குந்துகாலா?

எந்தக் கரைக்குப் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் சவாரிகளில் காரங்காடு வடகடல் (பாக் விரிகுடா) பக்கம், தொண்டிக்குத் தெற்கே. பிச்சைமூப்பன்வலசையும் பாம்பன் குந்துகாலும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம். வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் தென்மேற்குக் காற்று பிடித்தால் நிலைமை தலைகீழ். பங்குனியில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் போகலாம்.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளேயே சுற்றுவதால் காற்று அவ்வளவாகத் தெரியாது. திறந்த கடலை எட்டியதும் தெரியும். கயாக் எடுப்பவர்கள் முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட வேண்டும். கை ஓய்ந்த பிறகு திரும்புவது சுலபமாக இருக்கும். இருவர் உட்காரும் கயாக்கில் கனமானவர் பின்னால். நீர் வற்றும் நேரத்தில் ஓரமாகப் போனால் அடி சேற்றில் தட்டும், துடுப்பு மூச்சு வேர்களை முறிக்கும், நடுவிலேயே போங்கள். அங்கே ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன், நண்டுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தென்கடலில் கண்ணாடி அடித்தளப் படகு கிடைத்தால், டிக்கெட் எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். முந்தைய நாள் காற்று பலமாக அடித்திருந்தால் மணல் கலங்கிக் கண்ணாடியில் பால் நிறம்தான் தெரியும், காசு வீண். வெயில் உச்சியில் இருக்கும் நேரமே சரி. கண்ணாடிமேல் துண்டை விரித்துப் பிடித்து நிழல் செய்தால் பவளப்பாறையும் கடற்புல்லும் துலங்கும். லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா தோளில் மாட்டாமல் பக்கிளை இறுக்குங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவைப் போட்டால் தண்ணீரில் அது கழுத்துக்கு மேல் ஏறிவிடும்.

சவாரி நல்ல சவாரிதான். ஆனால் அது யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட முடியும். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும், மொத்தம் 560 சதுர கி.மீ., தேசியப் பூங்காவாயின. 1989-இல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கி.மீ. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். காப்பகத்துக்குள் ஊர்கள் உண்டு, மீன்பிடிப்பும் உண்டு. கெடுபிடி பூங்காவுக்குள்தான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) 28-ஆம் பிரிவு, எதற்காக நுழைவு அனுமதி தரலாம் என்று பட்டியல் போடுகிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா எல்லாம் அதில் இருக்கின்றன. கடற்பாசி எடுப்பது இல்லை. கரையோர ஊர்களான சின்னப்பாலம், பாரதிநகர்ப் பெண்கள் தலைமுறையாகத் தீவோரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். மாதம் 12 நாள்தான் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். சட்டப்படி அத்துமீறியவர்கள் அவர்கள், விருந்தினர் நாம். இதே சட்டத்தின் 26ஏ பிரிவு, கடற்பரப்பைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கச் சொல்கிறது என்பது வேறு கதை.

அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டம், தான் காக்கும் இடங்களில் பொதுவாக மோட்டார் படகைத் தடுக்கிறது. சைக்கிளுக்குக்கூட அங்கே இடமில்லை. நடந்து போகிறவரை அது தடுப்பதில்லை. இங்கே மோட்டார் படகுக்கு டிக்கெட் உண்டு, காலால் இறங்குகிறவருக்குத் தடை. பாதுகாப்பே வேண்டாம் என்பதல்ல வாதம்: பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விலையாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஆனால் 1998, 2010, 2016-இல் பவளம் வெளுத்தது கடல் சூடேறியதால். அந்தப் பழியைப் பாசிக்காரர் தலையில் ஏற்ற முடியாது.

படகுக்கு ஐந்தில் நான்கு, ஏற்பாட்டுக்கு இரண்டரை. டிக்கெட் பணத்தில் ஊருக்கு எவ்வளவு என்று படகுத்துறையில் எழுதி வைத்தால் கூட்டித் தரலாம்.

தனுஷ்கோடிக்காரர்களுக்கு இது உடனடி விவகாரம். 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேரில் பூநாரை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பூங்காவைப் போலன்றிச் சரணாலயத்தில் பழைய உரிமை தொடரக் கலெக்டர் அனுமதிக்க முடியும். பிரிவு 24 அதற்கு இடம் தருகிறது. கலெக்டரின் பிரகடனம் வந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். கரைவலை இழுக்கும் இடம், வள்ளம் ஏற்றும் இடம், கடலுக்கு நடக்கும் பாதை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து இணைத்துக் கொடுங்கள்.