சிபேப் இல்லாத 11 இரவுகள்

போன செவ்வாய்க்கிழமைதான் என் சிபேப் இயந்திரம் சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தது. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி இது. அன்று ராத்திரியே கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் தம்பிக்குப் பல வருடமாக வலிப்பு. இப்போது தூக்கத்தில் மூச்சுத்தடையும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். "மாப்ள, மூணு வருஷமா நீ அந்த மெஷினை மாட்டித் தூங்குற. வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாடல், எடை, எத்தனை அழுத்தம் வரை போகும் என்பதெல்லாம் கடையிலேயே சொல்வார்கள்.

எனக்கு முதல் வலிப்பு வந்தது 36 வயதில். அப்புறம் வந்ததெல்லாம் பெரும்பாலும் தூக்கத்தில், விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள். இரண்டு வகை மாத்திரை முழு அளவில் சாப்பிட்டும் மாதம் இரண்டு மூன்று தடவை வந்துவிடும். அம்மா என் தலையணைக்கு அடியில் சாவிக்கொத்து வைத்திருப்பார். சாவியால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

அதே டாக்டரிடம் ஒருநாள் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள்: "இவர் குறட்டை விட்டா நான் தூங்கிடுவேன் சார். குறட்டை நின்னாத்தான் முழிச்சுக்கிறேன். மூச்சு வருதான்னு மூக்குல விரல் வெச்சுப் பார்ப்பேன்." மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டே வாரத்தில் தலையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி வயர்களும் மார்பில் பட்டையுமாக ஓர் இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை நடந்தது. மணிக்குச் சராசரியாக 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்பார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இதற்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று நானும் கேட்டேன். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாயின் மேல்பகுதி மூடிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கிறது, மறுபடி தூங்குகிறது, மறுபடி மூடுகிறது. ராத்திரி முழுக்க இதே கதை. காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது, ஆனால் மூளை தூங்கியிருக்காது. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது. எனக்கு முதன்முதலில் ஈஈஜி எடுத்தபோது முந்தைய ராத்திரி தூங்காமல் வரச் சொன்னார்கள். மறைந்திருக்கும் கோளாறு அப்போதுதான் எளிதாக வெளியே தெரியுமாம். பரிசோதனைக்காக ஒரு ராத்திரி செய்ததை என் தொண்டை வருடக்கணக்காகத் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

இது எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு எனக்கு 9 கிலோ ஏறியது. கழுத்தில் சதை போட்டால் மூச்சுத்தடை கூடும். வலிப்புக்கே கொடுக்கும் க்ளோபசாம் வகை மாத்திரைகள் தசையைத் தளர்த்துவதால் சிலருக்குத் தொண்டை இன்னும் எளிதாக மூடிக்கொள்ளும். அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது மிகவும் ஆபத்து. வலிப்பு மருந்துக்குக் கட்டுப்படாமல் அறுவை சிகிச்சை வரை போனவர்களை 2000-ல் அமெரிக்காவில் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு இந்த மூச்சுத்தடை இருந்தது. மாத்திரைக்கு வலிப்பு அடங்காத ஒவ்வொருவரிடமும் ஏன் முதல் நாளே குறட்டையைப் பற்றிக் கேட்பதில்லை? எனக்கு அது தெரியவர ஆறு வருடம் ஆனது.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் நரகம். முகத்தில் காற்றடித்துக்கொண்டே இருக்கும்போது எப்படித் தூங்குவது? கசிகிறதே என்று மாஸ்க் பட்டையை இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். மூக்கோரம் புண்ணாகும். தளர்த்தி, படுத்த பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று உள்ளே நிறைந்ததும் மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி உட்கார வைத்து, அப்புறம்தான் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். இதை எந்தக் கையேடும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. வலிப்பு உள்ளவர்கள் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வலிப்பின்போது வாந்தி வந்தால் நாமே கழற்ற முடியாது. எனக்கு மூக்கு மாஸ்க்தான் கொடுத்தார்கள்.

ஈரப்பதத் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரே வாரத்தில் உப்புப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான். ஏசி அறையில் குழாயில் நீர் கோத்துக்கொண்டு நடுராத்திரி மூக்கில் சொட்டும். குழாய்க்குத் துணி உறை போட்டதும் அது நின்றது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும். ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் இன்னும் அதிக நேரம் தாங்கும்.

மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலை தலைவலி இல்லாமல் விழித்தேன். பக்கத்தில் மனைவி வாயைத் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி 14 வருடத்தில் நான் விழித்த பிறகும் அவள் தூங்குவதை அன்றுதான் பார்த்தேன். எழுப்ப மனம் வரவில்லை. பால் பாக்கெட்டை நானே எடுத்துவந்து காபி போட்டேன். 38 என்ற எண் இப்போது 3-ஐத் தாண்டுவதில்லை. மாதம் இரண்டு மூன்று முறை வந்த வலிப்பு முதல் வருடத்தில் நான்கு முறைதான் வந்தது. அதற்கப்புறம் 20 மாதம் ஒன்றுகூட இல்லை. மாத்திரை அதே அளவுதான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். இயந்திரம் வலிப்பு நோயைக் குணப்படுத்தாது, தூண்டுகிற ஒரு காரணத்தை எடுத்துவிடுகிறது. எனக்கு அந்த ஒன்றே பெரிதாக இருந்திருக்கிறது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். போன மாதம் மோட்டார் உறும ஆரம்பித்தது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டுச் சென்னைக்கு எடுத்துப் போனார். பதிலுக்கு ஒரு இயந்திரம் கேட்டேன். "அப்படி ஒரு பாலிசி எங்ககிட்ட இல்லை சார்" என்றார்கள். எனக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன், டாக்டர் கடிதத்தை அனுப்பினேன். தினமும் ஒரே பதில்: "பார்ட் வரணும் சார்." மொத்தம் 11 இரவுகள். முதல் ராத்திரியே மனைவி பழையபடி விழித்துக்கொண்டாள். ஏழாவது ராத்திரி, 4 மணி சுமாருக்கு, 20 மாதத்துக்குப் பிறகு எனக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்திருந்தேன். என் பெண் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நியாயமாகப் பேச வேண்டும். அந்த வாரம்தான் மச்சினன் வீட்டில் காதுகுத்து, இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரே ஒரு வலிப்பை வைத்து இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 11 இரவும் என் மூச்சு நின்று நின்று வந்ததற்கு மனைவி சாட்சி. 1981-ல் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன் இந்த சிபேப் முறையை உலகுக்கு அறிவிப்பதற்கு முன்னால், தீவிரமாக இருந்தவர்களுக்குத் தொண்டையில் துளைதான் போட்டார்கள். அந்தத் துளைக்குப் பதிலாக வந்த பொருள் இது. இதை மிக்ஸி ரிப்பேர் போல நடத்தலாமா?

என் இயந்திரத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இரண்டுதான் கொடுப்பேன். இத்தனை நல்லது சொல்லிவிட்டு இரண்டா என்று மனைவியும் கேட்டாள். இரண்டுதான். நண்பனிடம் சொன்னது இது: சிபேப் கட்டாயம் வேண்டும், தள்ளிப் போடாதே. என்னுடைய கம்பெனியிடம் வாங்காதே. ரிப்பேர் ஆனால் அன்றைக்கே மாற்று இயந்திரம் தருவோம் என்று எழுதிக் கொடுப்பவர் யாரோ, அவரிடம் வாங்கு. யாரும் எழுதித் தரவில்லை என்றால் வாடகைக்கு எடு.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பட்டையை எவ்வளவு தளர்வாக விடவேண்டும் என்பதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது.