ஏஎல் மீட்டல்: சோட்நோட்டா, பாஸ் பேப்பரா, பேப்பர் கிளாஸா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருக்கிற என் சித்தியின் மகள் இந்த முறை உயிரியல் பிரிவில் ஏஎல் (க.பொ.த. உயர்தரப் பரீட்சை) எடுக்கிறாள். போன ஞாயிறு அங்கே போயிருந்தபோது சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, இனிச் சோட்நோட்டைப் பாடமாக்கவா, பாஸ் பேப்பர் செய்யவா, இல்லாட்டி டவுனில பேப்பர் கிளாஸுக்குப் போகவா?" என்று கேட்டாள். சோட்நோட் என்றால் பாடத்தின் சுருக்கக் குறிப்பு, பாஸ் பேப்பர் என்றால் கடந்த வருடங்களின் வினாத்தாள், பேப்பர் கிளாஸ் என்றால் வினாத்தாள் செய்து பழகுகிற வகுப்பு. நான் இதே பரீட்சையை இரண்டு முறை எடுத்தவள். முதல் முறை ஒரு விதமாகவும் அடுத்த முறை வேறு விதமாகவும் படித்தேன், அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோட்நோட். ஓர் அலகு முழுவதையும் நாலைந்து பக்கத்துக்குள் அடக்கலாம், பஸ்ஸில் பார்க்கலாம், கரண்ட் போனாலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் புரட்டலாம். 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் பரீட்சையே சில நாட்கள் தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி நாட்களில் கையில் எழுதின கொப்பிதான் துணை, போனில் சேர்த்து வைத்த வீடியோ இல்லை. உயிரியலுக்கு இது கட்டாயம் வேண்டும். எந்த ஓமோன் எந்தச் சுரப்பியில் சுரக்கிறது, எந்த உயிரினக் கணத்துக்கு (phylum) என்ன இயல்பு என்பதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, மனதில் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் சோட்நோட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன, பழகினதைத் தெரிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரசாயனவியலில் சமநிலை அலகுக்கு (தாக்கம் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நடக்கிற நிலை), "அமுக்கம் கூடினால் மூல் குறைந்த பக்கம் நகரும்" என்று, அதாவது வாயுத் துணிக்கைகளின் எண்ணிக்கை குறைந்த பக்கம் நகரும் என்று, சிவப்புப் பேனையால் பெட்டி அடித்து எழுதி வைத்திருந்தேன், நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். பிறகு ஒரு பல்தேர்வு வினா வந்தது. நைதரசனும் ஐதரசனும் அமோனியாவும் சமநிலையில் இருக்கிற மூடிய பாத்திரம், கனவளவும் வெப்பநிலையும் மாறாது, அதற்குள் கொஞ்சம் ஆகன் வாயுவைச் செலுத்தினால் என்ன நடக்கும்? மொத்த அமுக்கம் கூடுகிறதுதானே, அப்போ மூல் குறைந்த அமோனியாப் பக்கம் நகரும் என்று விடை போட்டேன். பிழை. ஆகன் தாக்கத்தில் சேர்வதில்லை, பாத்திரத்தின் கனவளவும் மாறவில்லை, ஆகவே மற்ற மூன்று வாயுக்களின் பகுதியமுக்கங்கள் (ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குக் கொடுக்கிற அமுக்கம்) முன்பு இருந்தபடியேதான் இருக்கின்றன, சமநிலை அசையாது. இதே ஆகனை மொத்த அமுக்கம் மாறாதபடி சேர்த்தால் கனவளவு விரிகிறது, மூன்றின் பகுதியமுக்கமும் குறைகிறது, அப்போது மூல் கூடிய பக்கமாக, அதாவது நைதரசனும் ஐதரசனும் உள்ள பக்கமாக நகரும். என் பெட்டிக்குள் இருந்த வசனம் பிழையில்லை. அந்த வசனம் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது பெட்டிக்குள் இருக்கவில்லை.

அதைக் காட்டிக்கொடுப்பது பாஸ் பேப்பர்தான், அதனால்தான் மூன்றில் எனக்கு இதுதான் முதலாவது. எங்கள் பக்கம் பிள்ளைகள் பாஸ் பேப்பரைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள், எல்லாம் படித்து முடித்த பிறகு செய்யலாம் என்று. எல்லாம் படித்து முடிகிற நாள் வரவே வராது! ஓர் அலகை மீட்டி முடித்த அன்றைக்கே அந்த அலகின் கேள்விகளைப் பத்து வருடப் பேப்பர்களில் இருந்து பொறுக்கிச் செய்து பாருங்கள், வருட வரிசையில் முழுப் பேப்பராகச் செய்வதைக் கடைசி ஆறு கிழமைக்கு வையுங்கள். ஒரு விஷயம் கவனம்: 2019 இல் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று பரீட்சை இரண்டாக நடந்தது, ஆகவே அதற்கு முந்தின உயிரியல் பேப்பரைக் கையில் எடுத்தால் இப்போதைய பாடத்திட்டத்தில் இருக்கிற பகுதியா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பேப்பரோடு புள்ளியிடும் திட்டத்தையும் எடுங்கள், பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே கிடைக்கும். அமைப்புக் கட்டுரையில் (கேள்வியைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கிற பகுதி) நாங்கள் ஐந்து வரி எழுதுகிற இடத்தில் அவர்கள் தேடுவது இரண்டு சொல்லாக இருக்கும், அந்த இரண்டும் எங்கள் ஐந்து வரிக்குள் இல்லாமலும் இருக்கும். இதை ஒருதரம் கண்ணால் கண்டால் எழுதுகிற விதமே மாறிவிடும்.

பேப்பர் கிளாஸைப் பற்றிக் கேட்டால் என் பதில் ஆளைப் பொறுத்தது. கல்லடியில் இருக்கிற பிள்ளைக்குப் பாலத்தைத் தாண்டினால் மட்டக்களப்பு டவுன். கொக்கட்டிச்சோலையில் இருந்து வருகிறவளுக்கு மண்முனைப் பாலத்தால் வந்து, பஸ் மாறி, திரும்பி வீடு போய்ச் சேர அரை நாள் போய்விடும், அந்த அரை நாளில் வீட்டில் இருந்தே ஒரு பேப்பர் செய்து திருத்தியும் விடலாம், காசும் மிச்சம். அதற்காகக் கிளாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரம் பிடித்து எழுதுகிற பழக்கத்தை அது தருகிற மாதிரி வீட்டில் வராது. 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு என்றால் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, வீட்டில் அம்மா கூப்பிடுவா, தம்பி சத்தம் போடுவான், நாங்களும் மணிக்கூட்டை நிற்பாட்டிவிடுவோம். அதோடு வேறொருவர் கண் எங்கள் விடையில் படுகிறது, நாங்களே திருத்தினால் எங்களுக்கு இரக்கம் கூடிவிடும். ஆனால் கிளாஸில் படிப்பிக்கிற சேர் பலகையில் செய்து காட்ட நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டு வருவது மீட்டல் ஆகாது. பேப்பரை நாங்கள் எழுதி, திருத்தி வாங்குகிற கிளாஸ் என்றால் போகலாம், கிழமைக்கு ஒன்று போதும்.

இணைந்த கணிதக்காரருக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே சோட்நோட் என்பது சூத்திரத் தாள் மட்டும்தான், மிச்சம் முழுக்கக் கை வேலை. வினாத்தாளின் பகுதி ஆ வில் 7 கேள்வியில் 5 செய்ய வேண்டும், எந்த ஐந்து என்று தெரிவு செய்வதற்கும் பயிற்சி வேண்டும், அதைப் பேப்பர் செய்யாமல் பழக வழியே இல்லை.

கூட்டாளிகளோடு சேர்ந்து படிப்பது நல்லதா என்றும் கேட்டாள். விளங்காத ஒன்றை இன்னொருத்திக்கு விளங்கப்படுத்த என்றால் நல்லது, மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் கதைதான் நடக்கும்.

கடைசியில் அவளுக்குச் சொன்னது இதுதான். கடையில் விற்கிற சோட்நோட்டை வாங்காதே, உன் பிழைகளில் இருந்து நீயே ஒன்று செய். ஒரு புதுக் கொப்பி எடு, பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி எழுது: நான் என்ன நினைத்தேன், உண்மையில் என்ன. நான் இரண்டாம் முறை அப்படித்தான் படித்தேன், அந்தக் கொப்பியில் முதல் வரி ஆகன் வாயுதான். நேற்று இரவு அவள் தன் கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், ஏழு பிழை, அதில் ஐந்து சமநிலை. இந்தக் கிழமை உயிரியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சமநிலையை முதலில் இருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை நானே போய் இருந்து பார்க்கப்போகிறேன்.